ஸ்தேவான் அனுப்பாத கடிதம்

தீர்ப்புச் சொல்லத் துணிந்தவர்கள் மட்டும் இந்தக் கதையைக் கேட்டால் போதும்.

ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் 2008-ல் நாற்பத்திரண்டு பேர் ரகசியமாகச் சங்கத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பட்டியல் இரண்டே பேரிடம் இருந்தது. ஒருவர் செயலாளர் மாசிலாமணி. மற்றவர் அதைத் தன் மடிக்கணினியில் தட்டச்சு செய்த ஸ்தேவான். மூன்றாம் நாள் அது முதலாளியின் மேசைக்குப் போய்விட்டது. நாற்பத்தொரு பேருக்கு வேலை போயிற்று, ஸ்தேவான் உட்பட. மாசிலாமணியை மட்டும் நிர்வாகம் தொடவில்லை. காட்டிக்கொடுத்தவர் யார் என்று முடிவுகட்ட ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மாசிலாமணி அன்றே வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அதையும் நடிப்பு என்றார்கள். பதினேழு வருடமாகப் புத்தகம் பைண்டிங் செய்து தனியாளாகப் பிழைக்கிறார். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் கிளாசோடு எழுந்துவிடுவார்கள். "எதுக்குய்யா எங்களை வித்தே?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. பதில் சொல்வதே இழுக்கு என்று அவர் வாய் திறந்ததில்லை.

2011-ல் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த ஸ்தேவான், மடிக்கணினியை அவரிடம்தான் ஒப்படைத்தார். "எம் பொண்ணு வளந்து கேட்டு வருவா. அவகிட்ட மட்டும் குடுங்க. அதுவரைக்கும் யாரும் திறக்க வேண்டாம்." மாசிலாமணி அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தார். அடுத்தவர் பொருளைத் திறந்து பார்க்கிற ஆளல்ல அவர். ஸ்தேவான் போய்ச் சேர்ந்தார். போராட்டத்தில் நொந்து செத்தவர் என்று அவர் படத்துக்குச் சங்க அலுவலகத்தில் இன்றும் மாலை விழுகிறது.

இந்தத் தை மாதம் மகள் ஜெனோவா வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பாவின் படங்கள் வேண்டும் என்றாள். மடிக்கணினியோ உயிர் பெறவில்லை. இருவரும் அதைச் சம்சாத் என்ற பெண் நடத்தும் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனார்கள்.

சம்சாத் மூடியைக் கழற்றினாள். "ஐயா, ஒரு கரப்பான் குடும்பமே வாடகை குடுக்காம உள்ள இருந்திருக்கு."

"அதுகளுக்காவது எங்கூட இருக்க மனசு வந்துச்சே," என்றார் மாசிலாமணி.

"ஹார்டு டிஸ்க்கை ஒரு தடவை ஓட வச்சு எல்லாத்தையும் என் கம்ப்யூட்டருக்கு எடுத்திரலாம். ஆனா ஒவ்வொண்ணையும் திறந்து பாத்தாத்தான் முழுசா வந்திருக்கான்னு தெரியும்."

"திறக்கக் கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"இப்ப இது என்னுது மாமா. திறக்கட்டும்," என்றாள் ஜெனோவா.

இரண்டு நாள் கழித்துச் சம்சாத் கூப்பிட்டனுப்பினாள். படங்கள் எல்லாம் வந்துவிட்டன. அத்தோடு பழைய டிஸ்க் நின்றேபோயிற்று. படங்களுக்கு நடுவே ஒரு கடிதம் இருந்தது. 'தோழர் மாசிலாமணிக்கு' என்ற முதல் வரியைப் பார்த்ததும் அவள் படிப்பதை நிறுத்தியிருந்தாள். இப்போது இருவரும் படித்தார்கள்.

'பட்டியலைக் கொடுத்தவன் நான். பாப்பாவின் இருதய ஆபரேஷனுக்கு முதலாளி பொறுப்பேற்றார். சந்தேகம் வராதிருக்க என் வேலையையும் எடுக்கச் சொன்னேன். உங்களை விட்டுவைத்தது அவர்கள் யோசனை. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். நேரில் சொல்லத் தைரியமில்லை.'

மாசிலாமணி மறுபடி கடிதத்தின் தொடக்கத்துக்குப் போய் முதல் வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோழர் என்று அவரை யாரும் அழைத்துப் பதினேழு வருடமாகிறது.

"மாமா, வெளிய தெரிஞ்சா அப்பா படத்தைக் கழட்டி எறிஞ்சிருவாங்க. நாப்பத்தொரு வீட்டுச் சோத்தைப் பறிச்சுப் பொழைச்சவள்னு என்னைச் சொல்லுவாங்க. அழிச்சிருங்க மாமா."

"மீட்டுக் குடுக்கிறதுதான் என் தொழில். அழிக்க நான் கை வைக்க மாட்டேன்," என்று சம்சாத் விசைப்பலகையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

"எந்தப் பொத்தான், தாயி?" என்று கேட்டார் மாசிலாமணி.

ஜெனோவா காட்டினாள். அவர் அழுத்தினார். வேறு பிரதி இல்லை.

"படத்தை எடுத்துக்கிட்டுப் போ. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாதே. நான் வந்தா நாலு பேர் எந்திரிச்சுப் போயிருவாங்க."

ஜெனோவா தகப்பன் பெயரைக் காத்தாள். சம்சாத் அழிக்க மறுத்தாள். மாசிலாமணி தன் பெயரையே விட்டுக்கொடுத்தார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சம்சாத் செய்தது. மாசிலாமணி என்றுதான் பலர் சொல்வீர்கள். அவர் கொடுத்தது தன் பெயரை மட்டும் என்றால் நாமும் கைதட்டலாம். ஆனால் யாரால் தெருவுக்கு வந்தோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை வேலை போனவர்களுக்கு உண்டு. அதை அவர் யாரைக் கேட்டு அழித்தார்? மகள் பயந்து கேட்டாள், அவளை விடுங்கள். சங்கத்தை நடத்தியவருக்கு எங்கே போயிற்று புத்தி? தொழிலாளியின் விஷயத்தை அவனுக்குத் தெரியாமல் அறைக்குள்ளேயே முடித்துக்கொள்வது முதலாளி வழக்கம். அன்று அந்தக் கடையில் மாசிலாமணி செய்ததும் அதேதான். இரக்கத்தோடு செய்தார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.