தசைக்கு ஓர் அழைப்பு

“இந்த ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது? அதை மட்டும் சொல்” என்றார் கோதண்டபாணி.

அவர் கபடிப் பயிற்சியாளர், அறுபதைக் கடந்தவர். எதிரே அமர்ந்திருந்த டாக்டர் எஸ்தர், ஒரு காலத்தில் அவரிடம் ஆடக் கற்றவர். இன்று கேட்கும் இடத்தில் ஆசான் இருந்தார்.

எஸ்தர் அவர் நீட்டிய மருந்துக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யார் கொடுத்தது, மாஸ்டர்?”

“ஜிம்மில் கொடுத்தார்கள். அரிசிப் பையைத் தூக்கத் திணறியவன்கூட இதைப் போட்டுக்கொண்டு மார்பை நிமிர்த்தி நடக்கிறான்.”

“நீங்கள் எதைத் தூக்க வேண்டும்?”

“சுலோசனாவை.”

பக்கவாதத்தில் விழுந்த மனைவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைப்பவர் அவர் ஒருவரே. முந்தைய நாள் பாதி வழியில் கை நழுவிவிட்டது. தரையில் கிடந்தபடியே அவள், “உங்களுக்கு அடிபட்டதா?” என்று கேட்டாள்.

“உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமே?”

“என் மனைவியைத் தூக்க எனக்கு இன்னோர் ஆளா? ஏழு பேர் பிடித்தும் நடுக்கோட்டைத் தொட்டவன் நான்.”

“தொட்டீர்கள். அப்போது உங்களுக்குத் தலைமுடியும் இருந்தது.”

அவர் சிரிக்கவில்லை.

“இது வளர்ச்சி ஹார்மோன் அன்று, மாஸ்டர். பெப்டைடு, சிறு புரதத் துணுக்கு. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிடம் சென்று, ‘உன் ஹார்மோனை வெளியே விடு’ என்று தூண்டும். அவ்வளவே.”

“நல்லதாயிற்று! வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஊற்றவில்லை. என் உடம்பில் உள்ளதைத்தானே கேட்கிறேன்?”

“தசை சற்றுக் கூடலாம். பலமும் கூடும் என்று என்னால் சொல்ல முடியாது.”

“சற்றுக் கூடினால் போதும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே ஓர் எட்டுத்தான்.”

“சுரப்பி விடுவது இரத்தத்தில் கலந்து எங்கே போகும்?”

“தசைக்கு.”

“தசைக்கு மட்டுமா?”

“எனக்கு வேண்டியது தசைக்கு.”

“உங்கள் குடலில் இருந்த புற்றுக்கட்டி?”

“வெட்டி எடுத்தாயிற்று. எங்கேனும் மிச்சம் ஒட்டியிருந்தாலும் அது உறங்குகிறது. உறங்குவதைப் பற்றி இப்போது ஏன் பேச்சு?”

எஸ்தர் எழுந்து கதவைத் திறந்தார். வெளியே நீண்ட தாழ்வாரம். இரு புறமும் நோயாளிகள் காத்திருந்தார்கள்.

“அண்ணே!” என்று உரக்க அழைத்தார்.

தாழ்வாரத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் திரும்பினார்கள். முகத்தைத் துண்டால் மூடிப் பெஞ்சில் படுத்திருந்த ஒருவர் திடுக்கிட்டு விழித்தார். விழித்ததும் முனகினார். முனகல் ஓலமாயிற்று.

அவருடைய மனைவி எஸ்தரை நிமிர்ந்து பார்த்தாள்.

“வலியில் துடித்த மனிதர், இப்போதுதானே அம்மா கண்ணயர்ந்தார்?”

எஸ்தர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நோயாளியை உடனே உள்ளே கொண்டுபோகச் செய்தார். சுவருக்கு அப்பாலும் அந்த ஓலம் கேட்டது.

கோதண்டபாணிக்குக் கோபம் பொங்கியது.

“உனக்கென்ன பைத்தியமா? அந்த மனிதரை ஏன் எழுப்பினாய்?”

“நான் அவரை அழைக்கவில்லை, மாஸ்டர். கோடியில் நிற்கும் வார்டு உதவியாளரைத்தான் அழைத்தேன்.”

கோதண்டபாணியின் கை மெல்லத் தம் வயிற்றின் மீது போய் நின்றது.

ஓலம் ஓய நெடுநேரமாயிற்று.

“அப்படியானால், நாளைக் காலையில் அவளை எப்படித் தூக்குவேன்?”

“எத்தனை மணிக்கு வரட்டும், மாஸ்டர்?”