மீசையைக் காத்த மூச்சு

மல்லன் மார்த்தாண்டன் அரண்மனைக்கு வந்து தொடை தட்டினான். "ஒரே மூச்சில் என்னைவிட நீளமாகச் சங்கு ஊத இங்கே ஆள் உண்டா? தோற்றவன் மீசையை எடுக்கணும். ஆளே இல்லையென்றால் ராஜா எடுக்கட்டும்!"

ராஜா மீசையைப் பொத்திக்கொண்டார்.

ஒல்லிக்குச்சியான சமையல்காரன் சடையன் முன்னே வந்தான். "நான் ஊதுறேன். ஆனால் விருந்தாளியைப் பட்டினி போடலாமா? முதலில் சாப்பாடு!"

மல்லன் சர்க்கரைப் பொங்கலைக் கேட்டுக் கேட்டு அமுக்கினான். எழுந்து, இடுப்புப்பட்டையை இறுக்கிக்கொண்டு ஊதினான். 'பூம்' என்று தொடங்கிய சங்கு ஏப்பத்தில் முடிந்தது.

சடையன் ஊதினான். மாடப்புறாக்கள் மிரண்டு பறந்து, சலித்துத் திரும்பி வந்தும் சத்தம் ஓயவில்லை.

"இந்த உடம்புக்குள் இவ்வளவு மூச்சா?" என்றார் ராஜா.

"வயிறு முட்டினால் மூச்சுக்கு இடமேது மகாராஜா? நான் இன்னும் சாப்பிடலை. சமைக்கிறவனுக்குக் கடைசிப் பந்திதானே!"

அன்று சடையனுக்கு ராஜாவே பரிமாறினார், ஒரு கையால் மீசையைத் தடவிக்கொண்டே.