மௌனத்துக்கு முன் ஒரு கவளம்

“எனக்கு மௌனம் கொடுங்கம்மா,” என்றார் திருவம்பலம்.

உமையாள் அம்மை நந்தியாவட்டைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குடத்தைக் கீழே வைக்கவில்லை.

“எத்தனை நாளைக்கு?”

“இருக்கிற வரைக்கும்.”

“எது இருக்கிற வரைக்கும்?”

திருவம்பலம் தலையைச் சொறிந்தார். அம்மையிடம் பேசப் போனால் இதுதான் தொல்லை. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்.

“பாடுனது போதும்னு தோணுதும்மா.”

“மனசுக்குத் தோணிச்சா, வாய்க்குத் தோணிச்சா?”

கேட்டுவிட்டு அம்மை அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

*

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு உமையாள் அம்மை தலைவி. திருவம்பலம் அங்கே ஓதுவார். மடத்துக் கோயில் சந்நிதியில் நின்று தேவாரம் பாடுகிறவர். வயதில் அவர்தான் மூத்தவர். ஆனால் அவருக்குத் தீட்சை கொடுத்தவர் அம்மை. ஆகவே அம்மை குரு, இவர் சீடர். அதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

குழப்பமெல்லாம் வாயில்தான் இருந்தது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை. வலது கன்னத்தில் எந்நேரமும் ஓர் உருண்டை. குரல் கனியவேண்டுமானால் வெற்றிலை வேண்டும் என்று பாடுகிறவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வெற்றிலை ஏறிய பல்லக்கில் பாக்கும் புகையிலையும் எப்போது ஏறிக்கொண்டன என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் ரசம் எரிந்தது. அப்புறம் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. நாக்கால் தடவினால் சொரசொரவென்றிருந்தது. பிறகு தாடை இறுக ஆரம்பித்தது. நிம்மதியாக ஒரு கொட்டாவி விடக்கூட முடியவில்லை. உரக்கப் பாடவேண்டிய இடங்களை மெல்லப் பாடினார்.

“வயசாக ஆக ஓதுவாருக்குப் பணிவு கூடுது,” என்று கேட்டவர்கள் மெச்சினார்கள்.

கன்னத்தில் இருப்பது என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் புற்று என்ற சொல்லை மனசுக்குள்கூட அவர் சொல்லிப் பார்த்ததில்லை. சொன்னால் வந்துவிடுமோ என்று பயம்.

மௌனம் வாங்கிவிட்டால் நல்லது. மௌனத்தில் இருக்கிறவரை யாரும் பாடச் சொல்ல மாட்டார்கள். ஏன் கஞ்சி மட்டும் குடிக்கிறீர் என்று கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்குக் காலிலும் விழுவார்கள்.

சாவதற்கு இதைவிட மரியாதையான வழி அவருக்குத் தெரியவில்லை.

*

மறுநாளும் போய் நின்றார்.

“சரி, திங்கக்கிழமை கொடுக்கேன்,” என்றார் அம்மை. “அதுக்கு முன்னால மேலச் சுவர்ல உழவாரம் செஞ்சு முடிங்க.”

உழவாரம் என்றால் கோயில் சுவரிலும் தளத்திலும் முளைக்கிற புல்பூண்டைச் செதுக்கி எடுக்கிற பணி.

“அதைத்தான் வாரா வாரம் செய்யுதேனே.”

“அரசங்கன்னு அப்படியே நிக்கே?”

நின்றது உண்மைதான். ஏதோ பறவையின் எச்சத்தில் வந்த விதை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே முளைத்தது. இரண்டு இலையாக இருந்தபோது நகத்தால் கிள்ளி எடுத்திருக்கலாம். அரசு சாமி மரம், பிடுங்கினால் பாவம் என்று திருவம்பலம் அதைச் சுற்றிச் செதுக்கிவிட்டு வந்தார். மடத்துச் சமையல்காரர் மாசிலாமணி ஒருபடி மேலே போய் அதற்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். கயிறு ஏறிய பிறகு அதை யார் தொடுவார்கள்? இப்போது அது ஆளுயரம். மழை பெய்தால் கருவறைக்குப் பின்னால் ஈரம் கசிந்தது.

“அது சாமி மரம்லாம்மா?”

“கும்பிட்டுட்டுப் பிடுங்குங்க.”

திருவம்பலம் கும்பிட்டார். பிறகு அரிவாளால் சுவரோடு ஒட்ட வெட்டினார். சுவர் பார்க்க நன்றாக இருந்தது. அம்மையைக் கூட்டிவந்து காட்டினார்.

“சுத்தமாயிட்டும்மா.”

அம்மை அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். கல் ஆடியது. உள்ளிருந்து ஈரம் விரலில் ஒட்டியது.

அம்மை நந்தியாவட்டைப் பக்கம் போய்விட்டார்.

*

திங்கட்கிழமை காலையில் சந்நிதியில் இலை போட்டிருந்தது.

மௌனம் ஏற்பதற்கு அந்த மடத்தில் ஒரு முறை உண்டு. சீடர் உட்கார்ந்து வாயைத் திறக்க வேண்டும். குரு தன் கையால் ஒரு கவளம் உருட்டி, பிட்டுக்கொடுக்காமல், சிந்தாமல், முழுசாக ஊட்ட வேண்டும். அந்தக் கவளத்தோடு மூடிய வாய் அப்புறம் பேசுவதில்லை.

முறை உண்டென்பது திருவம்பலத்துக்குத் தெரியும். இரண்டு பருக்கையைக் கிள்ளிப் போடுவார், சமாளித்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார்.

மாசிலாமணி புளியோதரைத் தூக்கை இறக்கி வைத்தார். அவர் கன்னமும் உப்பித்தான் இருந்தது. ஓதுவாருக்கு வெற்றிலைத் தோழர் அவர்.

“ஓதுவாரு சாமியாராயிட்டா நான் யாருகூடவே வெத்தலை போட?” என்று முனகிக்கொண்டே ஓரமாக நின்றார்.

அம்மை சோற்றை அள்ளி உருட்டினார். நல்ல எலுமிச்சம்பழ அளவு.

“வாயைத் திறங்க.”

திருவம்பலம் திறந்தார்.

“இன்னும்.”

அவ்வளவுதான் திறந்தது. கவளம் பல்லில் இடித்து நின்றது. இன்னும் கொஞ்சம் முயன்றார். காதுக்குக் கீழே சுரீரென்று இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மை கையை எடுக்கவில்லை. கவளமும் உள்ளே போகவில்லை.

“எவ்வளவு நாளா?”

“அது… கொஞ்ச நாளாத்தான்.”

“எவ்வளவு நாளா?”

“போன சித்திரையில இருந்து.”

மாசிலாமணி மெதுவாகத் தூண் பக்கம் நகர்ந்துகொண்டார்.

திருவம்பலத்துக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் மனுஷனுக்கு வாதம் வரும். அவருக்கும் வந்தது.

“எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பொகையிலை போட்டாரு. ஒண்ணும் ஆகலையே?”

“ம்.”

“உங்க தங்கச்சி வடிவு வெத்தலையைக் கையால தொட்டதில்ல. மாருல கட்டி வந்து போயிட்டா. விதின்னு இருந்தா யாரை விடும்?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அம்மை கவளத்தை இலையில் வைத்தார்.

“வடிவுக்கு ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது,” என்றார். “டாக்டர்மாருக்கும் சரியாச் சொல்லத் தெரியலை. உங்களுக்கு எதனால வருதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அந்தா, தூணுக்குப் பின்னால நிக்கானே, அவனுக்கும் தெரியும்.”

தூணுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது.

“தெரியாத ஒண்ணுக்காக ஒருதரம் அழுதாச்சு, ஓதுவாரே. தெரிஞ்ச ஒண்ணுக்காகவும் என்னை அழச் சொல்லுதீங்களா?”

திருவம்பலம் தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. கட்டி கையில தட்டுப்பட்டு ஒரு வருசம் அவ யார்ட்டயும் சொல்லலை. வெக்கம். முந்தானைக்குள்ளயே பொத்தி வச்சிருந்தா. ஆஸ்பத்திரியில, ‘ஒரு வருசம் முந்தி வந்திருக்கக் கூடாதாம்மா’ன்னு டாக்டர் கேட்டாரு. நீங்க இப்ப எங்கிட்ட கேக்குத மௌனத்தை அவ அப்பமே இருந்து முடிச்சுட்டா.”

அம்மை இலையை மடித்தார்.

“அதை இன்னொருத்தருக்கு நான் கொடுக்க மாட்டேன்.”

திருவம்பலம் வாய்விட்டு அழுதார். பாதி வாய்தான் திறந்தது என்றாலும் அழுகை முழுசாக வந்தது.

“பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான். பயம் அது பாட்டுக்குக் கூடவே வரட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

*

அன்று மத்தியானம் திருவம்பலம் வெற்றிலைப் பையைக் கொண்டுபோய் எரிகிற அடுப்பில் போட்டார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேலச் சுவருக்குப் போனார். வெட்டிய இடத்தில் அதற்குள் சிவப்பாக நாலு துளிர் விட்டிருந்தது.

கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். வேர் சுவருக்குள்ளேயே வளைந்து வளைந்து போயிருந்தது. வெளியே தெரிந்த மரத்தைவிட உள்ளே போன வேர் நீளம். மாசிலாமணி மறுபக்கம் நின்று இழுத்தார். அவர் கட்டிய கயிறு வெட்டிப்போட்ட மரத்தோடு கிடந்தது. அதையும் அவிழ்த்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

“இவ்வளவு பாடுபட்டு எடுக்கீரே. நாளைக்கு ஒரு காக்கா வந்து மறுபடி விதை போடாதாவே?”

“போடும்.”

“பொறவு?”

“பொறவு என்ன, வந்து பாப்பேன். மறுநாளும் வந்து பாப்பேன்.”

பொழுது சாய்வதற்குள் கடைசி வேரும் வந்துவிட்டது.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். வெள்ளைத் திட்டிலிருந்து துளி சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வருகிற வரைக்கும் திருவம்பலம் தூங்கவில்லை. அம்மையும் தூங்கவில்லை என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

“இன்னும் புற்றா மாறலை,” என்றார் டாக்டர். “மாறக்கூடிய இடத்துலதான் இருக்கு. நல்ல நேரத்துல வந்தீங்க.”

திருவம்பலத்துக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பேரம் வந்தது.

“பொகையிலையை அடியோட விட்டுட்டேன்யா. வெறும் பாக்கு மட்டும் கொஞ்சம்…”

“உங்க தாடையை இறுக்கினதே பாக்குதான். புகையிலை இல்லாம வெறும் பாக்கு போட்டாலும் புற்று வரும்.”

“சரி, எல்லாத்தையும் விட்டுடுதேன். விட்டா வராதுன்னு சொல்வீங்களா?”

“சொல்ல மாட்டேன். வர்ற வாய்ப்பு குறையும். அப்படியும் வந்தா முளையிலேயே பார்த்துடலாம். ஆனா நீங்க தவறாம வந்து காட்டணும்.”

திருவம்பலம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கடப்பாரை பிடித்த கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

“வருவேன்,” என்றார்.

*

சொல்வது சுலபம். சாப்பிட்டு எழுந்ததும் கை தானாக இடுப்புக்குப் போகும். அங்கே பை இருக்காது. நாக்கு கன்னத்துக்குப் போகும். அங்கே உருண்டை இருக்காது. யாரைப் பார்த்தாலும் கோபம் வந்தது. ஒருநாள் நந்தியிடம்கூடச் சண்டை போட்டார்.

டாக்டர் கொடுத்த தட்டைக் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி, காலையிலும் மாலையிலும் தாடையை விரித்துப் பழகினார். உயிர் போகிற வலி. விடவில்லை. விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அம்மை ஒருநாள் அந்தப் பக்கமாக வந்தார்.

“மௌனம் வேணுமா?”

வாயில் குச்சிகளோடு திருவம்பலம் வேண்டாமென்று வேகமாகத் தலையை ஆட்டினார். அம்மை சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்துத் திருவம்பலம் பார்த்ததில்லை.

*

ஐப்பசி பிறந்தது. ஒரு நண்பகலில் பந்தியில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார். பாதி சாப்பாட்டில் கை நின்றது.

எரியவில்லை.

இன்னொரு கவளம் எடுத்துப் போட்டார். கொஞ்சம்கூட எரியவில்லை. பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. “ரசம் எரியலைய்யா!” என்றார்.

“எப்படி எரியும்?” என்றார் அவர். “ரெண்டு மாசமா ரசத்துல மிளகும் இல்ல, மிளகாயும் இல்ல. வெந்நித் தண்ணி.”

எதிர்வரிசையில் இருந்தவரும் ஆமாம் என்றார்.

திருவம்பலம் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

மாசிலாமணி முக்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னவே, பந்தியில சோறு இருக்க நீரு கஞ்சி குடிக்கீரு?”

“வயித்துக்கு ஆக மாட்டேங்குவே.”

“ரசத்துல ஏன் காரம் இல்லை?”

“அதுவும் வயித்துக்குத்தான்.”

பேசும்போது மாசிலாமணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திருவம்பலம் சோற்றுப் பானையைத் திறந்தார். ஒரு கை அள்ளினார். எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டினார். முக்காலிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“வாயைத் திறயும்வே.”