தாண்டவராயர் குளித்த வெந்நீர்

முன்னொரு காலத்தில், எந்தத் தேசம் என்று கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், செண்பகவர்மன் என்று ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் பக்கத்து நாட்டு ராஜா எதையாவது செய்துவிட்டால், அதைத் தானும் செய்து பார்க்கிற வரைக்கும் அவனுக்குத் தொண்டைக்குக் கீழே சோறு இறங்காது.

ஒரு சித்திரை மாதம் பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தான். வந்ததும் சபையைக் கூட்டினான்.

"அங்கே விருந்தாளிகள் மேல் தெளிக்கும் பன்னீரை அரண்மனையிலேயே வடிக்கிறார்கள். இன்னும் எட்டு நாளில் அந்த ராஜா இங்கே வருகிறார். நம் அரண்மனையில் வடித்த பன்னீர் இரண்டு குடம் தயாராக இருக்க வேண்டும். யாரால் முடியும்?"

சபையில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். விகடகவி மூக்கையன் மட்டும் எழுந்தான். அவனுடைய வியாதியே அதுதான், எழுந்த பிறகுதான் யோசிப்பான். "சந்தைத் தெருவில் காத்தாயி என்று ஒருத்தி இருக்கிறாள், மகாராஜா. வைத்தியர்களுக்கு ஓமத் தீநீர் வடித்துக் கொடுக்கிற கைக்காரி. அவளால் முடியும். அதற்கு நான் பிணை."

காத்தாயி தன் வாலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாலை என்றால் ஒன்றும் மாயமில்லை. அடியில் ஒரு செப்பு அண்டா, அதில் ரோஜா இதழும் கொஞ்சம் தண்ணீரும் வேகும். மேலே கூம்பு மூடி, மூடியைச் சுற்றி ஒரு தொட்டி, தொட்டியில் குளிர்ந்த தண்ணீர். ஆவி மேலே போய்ச் சில்லென்ற மூடியில் பட்டு, நீராகி, ஓரத்துக் குழாய் வழியே சொட்டும். அதுதான் பன்னீர்.

"உள்ள வேகுறதுக்கு மூணு குடம் போதும் ஐயா," என்றாள் காத்தாயி. "மேல இருக்கிற தண்ணிதான் சூடாயிட்டே இருக்கும். அதை மாத்திட்டே இருக்கணும். மாத்தலேன்னா ஆவி ஆவியாவே போயிரும், சாமி."

இதைக் கேட்டதும் பிரதானி தாண்டவராயருக்கு மூக்கையன் மேலிருந்த பழைய எரிச்சல் எல்லாம் ஒன்றாய்த் திரண்டது. ராஜா சிரிப்பது மூக்கையனைப் பார்த்துத்தான், தாம்பூலம் நீட்டுவதும் அவனுக்குத்தான். பிரதானியோ இருபது வருஷமாய்த் தலையாட்டி ஒரு வெற்றிலைக் காம்பையும் கண்டதில்லை.

"மகாராஜா, கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிறது," என்றார் பணிவாக. "அரண்மனைக் கிணற்றில் தினமும் சமையலுக்குப் போக மிச்சம் முப்பது குடம்தான். அது சபையோர் உச்சிவேளையில் குளிப்பதற்கு. ஒரு கூத்தாடியின் சட்டிக்கு அதைக் கொட்டலாமா?"

ஊரார் வறண்ட ஆற்று மணலைத் தோண்டி ஊற்றுக்குக் காத்திருந்த காலம் அது. இந்த முப்பது குடமும் ஐந்து கனவான்களின் முதுகுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ராஜா ஆணையிட்டான்: உள்ளே வேகுவதற்குச் சமையல் தண்ணீரில் தினம் மூன்று குடம் தரலாம். அதற்கு மேல் கிணற்றுத் தண்ணீர் வாலைக் கொட்டகைக்குப் போகக் கூடாது. எட்டாம் நாள் பன்னீர் இல்லாவிட்டால் காத்தாயியும் அவளுக்குப் பிணை நின்றவனும் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

காத்தாயி முகம் செத்துப்போயிற்று. "நான் பாட்டுக்கு ஓமத்தை வேக வச்சுட்டு இருந்தேனே ஐயா. எதுக்கு என்னைக் கூட்டியாந்தீங்க?"

வாயைக் கொடுத்தவன் மூக்கையன், ஊரை விட்டுப் போகப் போகிறவள் அவள்.

தொட்டித் தண்ணீரை மாற்றாமல் ஒரு தடவை வடித்துப் பார்த்தார்கள். முதல் நாழிகை சொட்டியது. அப்புறம் தொட்டி கொதித்தது, குழாய் வழியே ஆவி புஸ்ஸென்று கிளம்பிற்று. ரோஜா வாசனை முழுக்கக் காற்றோடு போய், அந்தப் பக்கம் நின்ற கழுதை ஒன்று கமகமத்தது. தேறிய அரைச் செம்பை ராஜா முகர்ந்து, "கஷாயமா?" என்றான். தாண்டவராயர் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். விடவில்லை.

"மகாராஜா, தண்ணீரின் அருமை விகடகவிக்குத் தெரியவில்லை. மிச்ச நாட்களுக்கு எங்கள் குளியல் தண்ணீரை இறைத்து விடும் வேலையை அவருக்கே கொடுங்கள். முப்பது குடத்தில் ஒரு செம்பு குறைந்தாலும் அன்றே நாட்டை விட்டுப் போகட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. மூக்கையன் மட்டும் கைகூப்பினான். "பிரதானியார் சித்தம். ஒரு செம்பு குறையாது. ஆணையில் அதை அப்படியே எழுதிவிடச் சொல்லுங்கள், மகாராஜா." எழுதினார்கள். தாண்டவராயரே முத்திரை வைத்தார்.

மூக்கையன் நேராய்க் காத்தாயியிடம் போனான். "அம்மா, வாலையைக் கழற்று. கொட்டகையைக் காலி பண்ணுகிறோம்."

"நாடு கடத்த இன்னும் நாள் இருக்கே ஐயா."

"தண்ணீர்தானே வாலைக் கொட்டகைக்குப் போகக் கூடாது? வாலை தண்ணீர் போகிற வழிக்கு வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே."

கிணற்றடிக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு வெற்றிடம். அங்கே அடுப்பு மூட்டினார்கள். கிணற்றிலிருந்து வரும் மூங்கில் குழாயைத் தொட்டியில் சேர்த்து, தொட்டியிலிருந்து இன்னொரு குழாயைக் குளியலறைக்கு விட்டார்கள். மூக்கையன் குளிர்ந்த தண்ணீரை மேலே விடப் போனான். காத்தாயி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அடியில விடுங்க. சூடு தானா மேல ஏறி, மேல் குழாய் வழியா வெளிய போயிரும். மேல விட்டா அடித்தண்ணி கொதிச்சுக் கெடக்கும். வேகமாவும் விடாதீங்க. விரல் தண்டி ஒழுகினா போதும். ஒவ்வொரு குடமும் சூட்டைச் சுமந்துட்டுத்தான் போகணும்."

விடியலில் இறைக்க ஆரம்பித்தான். குடம் குடமாய் விரல் தண்டியில் தண்ணீர் உள்ளே போயிற்று, புகைந்துகொண்டு வெளியே வந்தது. மூக்கையனுக்கு இறைத்து இறைத்துக் கை கொப்புளித்தது. ஆனால் ஓரத்துக் குழாயில் சொட்டு நிற்கவேயில்லை. காத்தாயி ஒரு துளியை விரலில் தொட்டு முகர்ந்தாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் முதல் சிரிப்பு.

உச்சிவேளை வந்தது. வழக்கம்போல முதல் குளியல் பிரதானிக்கு. குளியல் தொட்டி மூடியைத் திறந்தவர் ஆவியைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடி ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டு, பெரிய செம்பில் மொண்டு முதுகில் ஊற்றினார்.

அந்தச் சுலோகத்தின் மிச்சம் அரண்மனை முழுக்கக் கேட்டது.

ஈர வேட்டியோடு சபைக்கு ஓடி வந்தார். "மகாராஜா, இந்தப் பாவி என்னை வேக வைத்துவிட்டான்."

ராஜா மூக்கையனைப் பார்த்தான். "என்ன இது?"

"தண்ணீர் குறைந்ததா என்று பிரதானியாரைக் கேளுங்கள், மகாராஜா."

அளந்து பார்த்தார்கள். ஊற்றிக்கொண்ட ஒரு செம்பைச் சேர்த்து முப்பது குடமும் சரியாக இருந்தது.

"ஆணையில் அளவு இருக்கிறது, சூடு இல்லை," என்றான் மூக்கையன். "குறைக்காதே என்றார்கள். நான் குறைக்கவில்லை, கொஞ்சம் சேர்த்தே கொடுத்தேன்."

"வாலைக்குத் தண்ணீர் கூடாது என்பது ஆணை," என்று கத்தினார் தாண்டவராயர்.

"வாலை ஒரு சொட்டுக் குடித்ததா, ஐயா? ஒருவன் என் வீட்டு வாசல் வழியாக நடந்து போனால், என் வீட்டில் சாப்பிட்டான் என்று சொல்வீர்களா?"

அப்போது காத்தாயி இரண்டு குடங்களை ராஜாவின் முன்னால் வைத்தாள். சபை முழுக்க ரோஜா மணந்தது. ராஜா குனிந்து முகர்ந்தான், பிரதானியின் சிவந்த முதுகைப் பார்த்தான், மறுபடியும் முகர்ந்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மகாராஜா," என்று முனகினார் தாண்டவராயர், "அந்தப் பன்னீரில் கொஞ்சம் முதுகில் தெளிக்கச் சொல்லுங்கள். எரிச்சல் தாங்கவில்லை." ஆக, பக்கத்து நாட்டு ராஜா வருவதற்கு முன்பே அந்தப் பன்னீரை அனுபவித்தவர் அவர்தான். காத்தாயிதான் தெளித்தாள். சிக்கனமாகத் தெளித்தாள்.

"வேண்டியதைக் கேள், மூக்கையா," என்றான் ராஜா.

"இந்த முப்பது குடம், மகாராஜா. வாலையைச் சுற்றி வந்த தண்ணீர் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். மேற்கு வாசல் தொட்டியில் விடுகிறேன். ஊரார் மொண்டுகொள்ளட்டும். இனி இந்த வெந்நீரில் குளிக்கச் சபையோர் யாரும் வரப் போவதில்லையே?"

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னல் வழியே வறண்ட ஆற்றைப் பார்த்தான். "அப்படியே ஆகட்டும்," என்றான். காத்தாயிக்குப் பட்டுச் சேலையும், அரண்மனையிலேயே வாலை போட உரிமையும் கொடுத்தான். மூக்கையனுக்குத் தன் கையால் தாம்பூலம் கொடுத்தான், தாண்டவராயர் பார்க்க.

மறுநாள் மேற்கு வாசலில் நீண்ட வரிசை. காத்தாயி குடத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய செம்போடு தாண்டவராயர் நின்றார்.

காத்தாயி மொண்டுகொண்டு திரும்பினாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"தொட்டுப் பாத்துட்டு ஊத்திக்கோங்க ஐயா," என்றாள்.

மாடத்தில் நின்றிருந்த ராஜா சிரித்த சிரிப்பு ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுக்குழி வரைக்கும் கேட்டதாம்.