சிலுவை ஐயா கேட்ட புத்தகம்

கடற்கரை ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில் இசக்கியப்பன் உதவியாளராகச் சேர்ந்தார். அதற்கு முன் நெடுங்காலம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்டவர். நூலகர் பொற்கொடி அவரைவிட வயதில் மிகவும் இளையவள். ஆனாலும் வந்த அன்றே அவளிடம் சொல்லிவிட்டார்.

"வர்றவங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். மத்தத நீங்கதான் மேடம் சொல்லித் தரணும்."

"பாத்துக்கிட்டே இருங்க அண்ணாச்சி," என்றாள் அவள்.

பார்த்தார். தினமும் சாயங்காலம் சிலுவை என்ற வயதான மீனவர் வந்து மேஜை முன்னால் நிற்பார்.

"எம்மவன் எடுத்துட்டுப் போன புஸ்தகம் வந்திருச்சாம்மா?"

டீசல் எஞ்சினைப் பழுதுபார்ப்பது பற்றிய புத்தகம் அது. அவர் மகன் கிளாட்வின் அதைப் படகிலேயே வைத்துப் படிக்கிறவன். ஒரு புயலில் அந்தப் படகு கரைக்கு வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கேட்டதும் பொற்கொடி எழுந்துபோய், எஞ்சின் புத்தகங்கள் இருக்கும் அடுக்கில் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பாள். பிறகு வந்து, "நல்லாப் பாத்துட்டேன் ஐயா. காணல," என்பாள். பெரியவர் தலையசைப்பார். கடல் தெரியும் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

"அங்க இல்லன்னு தெரிஞ்சும் எதுக்கு மேடம் எந்திரிச்சுப் போறீங்க?"

"உக்காந்தே இருந்தா கால் மரத்துப்போகுது அண்ணாச்சி."

இசக்கியப்பனுக்கு அந்தப் பதில் போதவில்லை. பெரியவர் தினமும் வெறுங்கையோடுதான் படியிறங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை, நூலக விடுமுறையில், பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனார். கடை கடையாக ஏறி இறங்கி அதே புத்தகத்தை வாங்கி வந்தார்.

மறுநாள் பெரியவர் கேட்டு முடிக்கும் முன்பே இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்க ஐயா. உங்களுக்குன்னே வாங்கியாந்தேன்."

சிலுவை வாங்கினார். அட்டையைத் தடவினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். புதுத் தாள் வாசம். மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"சரிய்யா," என்றார். "நல்லாயிரு."

ஜன்னலோரம் உட்காரவில்லை. அப்படியே போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சாயங்காலமானால் இசக்கியப்பன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றார். கடைசியில் தாங்க முடியவில்லை.

"நான் என்ன மேடம் தப்பு பண்ணினேன்? கேட்டதத்தான கொடுத்தேன்?"

பொற்கொடி கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தாள்.

"புத்தகம் இருக்கான்னு அவர் என்னைக்காவது கேட்டாரா அண்ணாச்சி?"

இசக்கியப்பன் யோசித்தார். வந்திருச்சா என்றுதான் கேட்டார், ஒவ்வொரு நாளும். அந்தச் சொல் இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"வீடு தெரியும்," என்றார் பிறகு. "போய்க் கூப்பிட்டா வருவாரா?"

"போங்க. இங்க நான் பாத்துக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கப் போனவர் நின்றார்.

"போய் அவர்கிட்ட என்னன்னு சொல்ல?"

"இன்னும் வரலன்னு சொல்லுங்க."