டாக்டர் எழுதிய சொல்

போன வாரம் மடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. வரதப்பனைச் சோதித்த டாக்டர் அவருடைய சீட்டில் ஓர் இங்கிலீஷ் சொல்லை எழுதிக் கொடுத்தார். பிஞ்ஜ்.

வரதப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டு மடத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது.

துவாதசி காலையில், விரதம் முடித்துச் சாப்பிடும் நேரத்தில், சீட்டோடு சாமியார் முன்னால் நின்றார்.

“இந்தச் சொல்லுக்கு என்ன சாமி அர்த்தம்?”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“வயிறு நிறைஞ்ச பிறகும் நிறுத்தத் தெரியாம தின்கிறதாம். ஏகாதசி தவறாம பச்சைத் தண்ணி பல்லில் படாதவன் நான். எனக்கு இப்படி எழுதறார்.”

“மறுநாள் நீ என்ன சாப்பிடுவேன்னு கேட்டாரா?”

“கேட்டார். சொன்னேன்.”

“சிரிச்சாரா?”

“எழுதினார்.”

சாமியார் இலை போட்டுத் தாமே பரிமாறினார். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சோறு.

“உன் தம்பி கேசவன் வந்திருக்கான். கிணத்தடியில உட்கார்ந்திருக்கான். வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணமாம். பெரியப்பா வந்து நிக்கணும்னு அந்தப் பொண்ணு அழுகுதாம். ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவான்.”

“கிளம்பட்டும்.”

“அப்படி என்னப்பா செஞ்சான்?”

வரதப்பன் சொன்னார். அம்மாவின் பதிமூன்றாம் நாள் சாப்பாடு. மூத்தவனைக் கூப்பிடாமலே முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டான் கேசவன். இவர் பந்தலுக்கு வெளியே நின்றார்.

சாமியார் ஒரு கரண்டி சோறு வைத்தார். “அப்புறம்?”

வரதப்பன் அதையே திரும்பவும் சொன்னார். இந்தத் தடவை, உள்ளே இருந்த மச்சான் திரும்பிப் பார்த்துச் சிரித்ததும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு கரண்டி. “அப்புறம்?”

மூன்றாம் தடவை, பாயசத்தில் முந்திரி மிதந்ததுகூட வந்தது. சொல்லச் சொல்ல முகத்தில் களை ஏறியது.

“மன்னிப்புக் கேட்டானா?”

“நாலு தடவை வந்தான். வந்தா ஆச்சா?”

அடுத்த கரண்டி வந்தபோது வரதப்பன் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

“போதும் சாமி. இடமில்லை.”

சாமியார் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

“பாத்தீங்களா? எனக்கு நிறுத்தத் தெரியும். டாக்டர் எழுதினது தப்பு.”

“சோத்துல நிறுத்தத் தெரியுது.”

“வேற எதுல தெரியலே?”

“உன்னைக் கூப்பிடாத அந்தப் பந்தியிலதான் எட்டு வருஷமா சாப்பிட்டுக்கிட்டு இருக்கே. இன்னும் எழுந்திருக்கலே.”

வரதப்பன் இலையை மடித்தார். கை கழுவக் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும்.