இல்லாத வால்வுக்கு ஆறு நாள்

பொய் தீது. அதைச் சொல்லும் நாவும், கேட்டு மகிழும் செவியும் ஒருங்கே குற்றமுடையன. இந்த அறத்தில் கடுகளவும் தளராமல் நின்றுகொண்டே, ஒரு சனிக்கிழமை முற்பகலில் சிங்காநல்லூர்ப் பேக்கரி ஒன்றில் பொய்யானது எத்தனை மாடி ஏறியது என்பதை உள்ளவாறு சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவர்கள் சிரித்துவிட்டுத் திருந்துவார்களாக.

பேக்கரிக்கு எதிரே வெள்ளியங்கிரியின் மோட்டார் பட்டறை. பெயர்ப்பலகையில் இருந்தது அவர் பெயர். உள்ளே நடந்த வேலையில் பெரும்பகுதி அவர் மனைவி சாரதாமணியுடையது. லேத்துச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர் அந்த அம்மையார். இப்போது அந்தப் பட்டறையில், இரும்புச் சட்டத்தின்மேல், ஐம்பதாண்டுப் பழைய ஜப்பானியப் பந்தயக் காரின் இன்ஜின் பாதி மூடிய நிலையில் கிடந்தது. காரின் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை கோதைநாயகி. தம் கணவர் ஓட்டிய வண்டி அது என்றாலும் கண்ணீரைவிடக் காலக்கெடுவை நம்பியவர் அவர். "சனிக்கிழமை மதியம் பன்னெண்டுக்குள்ள இன்ஜின் ஓடுனா, நானே ஓட்டறேன். ஓடலீன்னா சென்னைக்காரருக்குக் கொடுத்தர்றேன்" என்று சொல்லியிருந்தார்.

பத்தரை மணிக்கே சென்னைக்காரர் புருஷோத்தமன் லாரியோடு வந்து இறங்கினார். பழைய கார்களைச் சேர்ப்பவர், இன்ஜின் அறிந்தவர். அவர் உள்ளே வந்து பார்த்தால் அரைகுறையாய்க் கிடப்பதைக் கண்டு, அப்போதே கோதைநாயகிக்குப் போன் போட்டு வண்டியை லாரியில் ஏற்றிவிடுவார். சாரதாமணி கையிலிருந்த ஸ்பேனரால் வாசலைக் காட்டினார்.

"ஏனுங்க, அவரைப் பன்னெண்டு மணி வரைக்கும் உள்ள விட்றாதீங்க. நீங்களும் வராதீங்க."

முதல் வாக்கியம் வெள்ளியங்கிரியின் நெஞ்சில் பதக்கம்போல் தொங்கியது. இரண்டாவது வாக்கியத்தை அவர் காதில் வாங்கவே இல்லை.

புருஷோத்தமனை அவர் பேக்கரிக்கு அழைத்துப் போக, டீயும் சமோசாவும் வந்தன. வெள்ளியங்கிரி சமோசாவை எடுத்து, ஒரு நீள்வட்டத் தட்டுக்குள் வைத்தார்.

"பாருங்க சாருங்க. மத்த இன்ஜின்ல பிஸ்டன் மேலயும் கீழயும் குதிக்கும். இதுல பிஸ்டனே இல்லீங்க. இந்தச் சமோசாவாட்ட ஒரு முக்கோணம், கூட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வரும். மூணு மூலையும் எந்நேரமும் சுவத்தைத் தொட்டுட்டே இருக்கோணும். தொடறதுக்குத்தான் மூலைக்கு ஒரு சீலு. ஒண்ணு விலகினாலும் போச்சு."

"ரோட்டரி இன்ஜின் எனக்குத் தெரியும் சார். வேலை எந்த அளவுல இருக்கு, அதைச் சொல்லுங்க."

"நான் தொறந்தப்போ உள்ள குளவி கூடு கட்டியிருந்துச்சுங்க. முப்பது வருசமாச் சுத்திச் சுத்திப் பறந்த குளவி. முக்கோணம் எந்தத் தடத்துல போகோணும்னு அதுககிட்டத்தானுங்க கத்துக்கிட்டேன்."

கல்லாவிலிருந்த பேக்கரிக்காரர் ராக்கியப்பன் தலை நிமிர்ந்தார். "ஏப்பா வெள்ளியங்கிரி, குளவி உன்னைக் கொட்டலியா?"

"வாத்தியார் அடிக்காமலா சொல்லித் தருவாரு? நாலு கொட்டு வாங்கினேன்."

புருஷோத்தமன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வெள்ளியங்கிரியின் கண் சுவர்க் கடிகாரத்தைத் தொட்டு, எதிரே பாதி இறக்கிய ஷட்டரைத் தொட்டு மீண்டது. மணி பதினொன்று. ஷட்டருக்கு அடியில் சாரதாமணியின் செருப்பு மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

"கூட்டோட உள்சுவத்தைத் தேய்ச்சேனுங்க. வியாழக்கிழமை ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. வழுக்கி விட்ருச்சு. இன்னும் சுத்திட்டே இருக்குது, நிக்க முடியலை. எட்டிப் பார்த்தா நாளைக்குச் சவரம் பண்ணின மொகம் தெரியுதுங்க. அதைப் பார்த்துட்டுத்தான் இன்னிக்கு நான் சவரம் பண்ணலை."

"அதுக்கு முந்தின வாரமும் பண்ணலியே" என்றார் ராக்கியப்பன்.

"சீலுக்கும் சுவத்துக்கும் இடைவெளி வெச்சேன் பாருங்க! அதுக்குள்ள காத்துப் போகோணும்னா, காத்தே வயித்தை எக்கிட்டுத்தான் போகோணும். குண்டுக் காத்தெல்லாம் வெளியவே நின்னுருச்சு."

இங்கே சற்று நிற்போம். மனிதனும் அந்த முக்கோணத்தைப் போன்றவன். நினைப்பு, சொல், செயல் என அவனுக்கு மூன்று மூலைகள். மூன்றும் ஒருசேரச் சுவரைத் தொட்டால்தான் வாழ்வென்னும் வண்டி ஓடும். ஒரு மூலை மட்டும் நீண்டுகொண்டே போனால் சுழற்சி நின்றுபோகும். வெள்ளியங்கிரியின் சொல் மூலை இந்நேரம் பக்கத்து ஊரான சூலூரைத் தாண்டிக்கொண்டிருந்தது.

புருஷோத்தமன் டீயை ஊதிக்கொண்டே, ஒன்றும் அறியாதவர்போல் கேட்டார். "அது சரி, வால்வு கிளியரன்ஸ் எவ்வளவு வெச்சீங்க?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க! எட்டு வால்வுங்க. ஒவ்வொண்ணையும் முடி கனத்துக்கு அட்ஜஸ்ட் பண்ண ஆறு நாள் ஆச்சு."

"ரோட்டரியில வால்வே கிடையாதே சார்."

பேக்கரியில் சிரிப்பு வெடித்தது. பப்ஸ் தின்றுகொண்டிருந்தவருக்குப் புரையேறியது. ராக்கியப்பன் கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மாட்டிக்கிட்டான்! எண்ணெய்ச் சட்டியில விழுந்துட்டான்!" புருஷோத்தமன் தம் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெள்ளியங்கிரி மனத்துக்குள் கணக்குப் போட்டார். கோதைநாயகியின் கார் போகிறது. அதோடு பட்டறையின் பெயரும் லாரி ஏறுகிறது.

அவர் நிதானமாக டீயைக் குடித்து, தம்ளரைக் கீழே வைத்தார்.

"கிடையாதுங்க. அதனாலதான் ஆறு நாள் ஆச்சு. இருக்கிற வால்வை எவன் வேண்ணாலும் அரை மணி நேரத்துல அட்ஜஸ்ட் பண்ணிப் போடுவான். இல்லாததைத் தேடிப் பிடிச்சுப் பண்ணிப் பாருங்க, அப்பத் தெரியும்."

புருஷோத்தமன் எழுந்த வேகத்தில் மறுபடி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, சிரிப்பில் நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு டீ சொல்லுங்க" என்றார்.

மணி பதினொன்றே முக்கால். வெற்றி என்பது நாவுக்கு வெல்லம், ருசி கண்டால் மேலும் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் வெள்ளியங்கிரி பிழைத்திருப்பார். நிறுத்தத் தெரிந்திருந்தால் அவர் வெள்ளியங்கிரியாக இருந்திருக்க மாட்டார்.

"நேத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேனுங்க. ஆக்சிலேட்டரைத் தொடக்கூட இல்லை, தொடலாமான்னு யோசிச்சேன். அது காத்தை இழுத்த இழுப்புல, பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்து பயந்து திரும்பிப் போயிருச்சு. உடுமலைப் பக்கம் காத்தாலையெல்லாம் தலைகீழாச் சுத்தி, கொடுத்த கரண்டைத் திருப்பி வாங்கிக்கிச்சு. அங்க ஒரு வீட்டுல சுவிட்சைப் போட்டா பல்பில இருந்து இருட்டு வந்துச்சாம். பட்டப்பகல்ல அந்த இருட்டுல கோழியெல்லாம் கூடு அடைஞ்சிருச்சுங்க!"

"என்ற மச்சான் உடுமலைதான். ஒண்ணும் சொல்லலியே" என்றார் ராக்கியப்பன்.

"இருட்டுல போன் நம்பர் தெரிஞ்சிருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள், புருஷோத்தமன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்துவிட்டார்.

"நேத்தே ஓடிடுச்சா? அப்புறம் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கோம்? வாங்க, ஒரு தடவை முடுக்கிக் காட்டுங்க. மணி பதினொன்னு அம்பத்தஞ்சு."

தம் வாயால் தாமே தோண்டிய குழி எத்தனை ஆழம் என்று வெள்ளியங்கிரி எட்டிப் பார்த்தார். அடி தெரியவில்லை. ஷட்டருக்கு அடியில் இப்போது செருப்பும் தெரியவில்லை.

"முடுக்கறதா?" என்றார் மெல்ல. "நிறுத்தினாத்தானுங்க முடுக்க முடியும். நேத்துப் போட்டது, இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது. சீலு அப்படி உக்காந்திருச்சு, சத்தமே வராதுங்க. சந்தேகமா இருந்தா எல்லாரும் ஒரு நிமிசம் பேசாம இருங்க. அந்த அமைதி இருக்குது பாருங்க, அதுதான் என்ற இன்ஜின்."

இந்தப் பொய்யின் அளவைக் கண்டு பேக்கரியே வாயடைத்துப்போனது. ராக்கியப்பன் மிக்ஸியை நிறுத்தினார். புருஷோத்தமன் தலையைச் சாய்த்து, உண்மையாகவே உற்றுக் கேட்டார். வாழ்நாளில் முதன்முறையாக வெள்ளியங்கிரி முழுதாக ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். கடிகாரம் மட்டும் நடந்தது. பதினொன்று ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு.

எதிரே ஏதோ ஒன்று தும்மியது. மறுபடி தும்மியது. பிறகு ஷட்டர் அதிர, பட்-பட்-பட்-பட் என்று காற்றைக் கிழித்துக்கொண்டு ஓர் உறுமல் எழுந்தது. கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன்கள் குதித்தன. வெள்ளைப் புகை சாலையைக் கடந்து வந்து எல்லோரையும் மூடியது.

புகைக்குள்ளிருந்து புருஷோத்தமனின் குரல் வந்தது. "சத்தமே வராதுன்னீங்களே?"

"நீங்க கேக்கோணும்னு ஆசைப்பட்டீங்க. அதான் கொஞ்சம் சத்தம் விடச் சொன்னேன்."

புருஷோத்தமன் இருமிக்கொண்டே கோதைநாயகிக்குப் போன் போட்டார். "அம்மா, பன்னெண்டுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. ஓடுது. நல்லாவே ஓடுது. வண்டி உங்களோடதுதான். என் லாரி காலியாவே போகட்டும்." அவர் குரலில் வருத்தத்தைவிடச் சிரிப்பே மிகுந்திருந்தது.

புகை விலகியபோது, முழங்கை வரை கிரீஸோடு சாரதாமணி வாசலில் நின்றார். வெள்ளியங்கிரி மார்பை நிமிர்த்திக் கையை விரித்தார்.

"பார்த்தியா சாரதா! இங்க உக்காந்து நான் ஒரு வார்த்தை சொன்னேன், அங்க புடிச்சிருச்சு!"

சாரதாமணி மேசையைப் பார்த்தார். முற்பகல் முழுதும் ரோட்டராகச் சுற்றி மூன்று மூலையும் தேய்ந்துபோன சமோசா தட்டில் கிடந்தது. அதை எடுத்து ஒரு கடி கடித்தார்.

"ஆறு நாளாப் பக்கத்துலயே நின்னு சொல்லிட்டிருந்தீங்க, புடிக்கலை. இன்னிக்குத்தானுங்க நீங்க அங்க இல்லை."